இரைப்பைப் புற்று சிறுநீர்ப்பையில் தெரிந்தால் அது எந்தப் புற்று?

சிறுநீர்ப்பையில் கட்டி என்று சொல்லி யூராலஜி டாக்டர் ஒரு துண்டு சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புகிறார். சில நாள் கழித்து வரும் ரிப்போர்ட்டில் ‘மெட்டாஸ்டேடிக் அடினோகார்சினோமா, பிரைமரி இரைப்பையாக இருக்கக்கூடும்’ என்று எழுதியிருக்கிறது. வீட்டில் அடுத்து எழும் கேள்வி ஒன்றுதான். இரைப்பை நெஞ்சுக்குழிக்குக் கீழே இருக்கிறது, மூத்திரப்பை அடிவயிற்றின் கடைசியில் இருக்கிறது, நடுவில் அத்தனை குடல் கிடக்கிறது, எல்லாவற்றையும் தாண்டி இது எப்படி அங்கே போனது? அதோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டே வரும்: இப்போது இவருக்கு இருப்பது ஒரு கேன்சரா, இரண்டு கேன்சரா?

பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். ரிப்போர்ட் ஆங்கிலத்தில், கவுண்ட்டரில் பேச்சு கன்னடத்தில், வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு விளக்க வேண்டியது தமிழில். முதல் ஆபரேஷன் வேலூரிலோ சேலத்திலோ நடந்திருக்கும், சிறுநீர்த் தொந்தரவுக்குப் பார்ப்பது அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வேறொரு ஆஸ்பத்திரியில். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மிக முக்கியமான தகவல் தொலைந்துபோகிறது. அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரிய வேண்டுமானால் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

முதலில் நாலு சொல்

1. பிரைமரி. புற்று முதன்முதலில் பிறந்த இடம்.

2. மெட்டாஸ்டேசிஸ், அல்லது செகண்டரி. பிறந்த இடத்திலிருந்து செல்கள் பிரிந்துபோய் வேறு உறுப்பில் தங்கி வளர்வது. ‘பரவிடுச்சு’ என்று பேச்சில் சொல்வது இதைத்தான்.

3. அடினோகார்சினோமா. சளி போன்ற நீரைச் சுரக்கும் சுரப்பிச் செல்களில் பிறக்கும் புற்று. இரைப்பையில் வரும் புற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இந்த வகை. பெருங்குடல், புராஸ்டேட், மார்பகம் ஆகியவற்றில் வருவதும் பெரும்பாலும் இதுவே, அதனால் இந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது.

4. யூரோதீலியல் கார்சினோமா. சிறுநீர்ப்பையின் உள்பக்கத்தை யூரோதீலியம் என்ற தனி வகைச் செல் அடுக்கு மூடியிருக்கிறது. சிறுநீர்ப்பையிலேயே பிறக்கும் புற்றில் பத்தில் ஒன்பது இந்த அடுக்கிலிருந்து வருவது. அங்கேயே பிறக்கும் அடினோகார்சினோமாவும் உண்டு, ஆனால் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான்.

மூன்றாவதையும் நாலாவதையும் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் பிடிபடும். சிறுநீர்ப்பையில் எடுத்த சதையில் அடினோகார்சினோமா என்று வந்தால், அது அந்த வீட்டுப் பிள்ளைதானா என்று ஒரு தடவை சந்தேகப்பட வேண்டும். பயாப்சி பார்க்கும் பெத்தாலஜி டாக்டர்கள் செய்வதும் அதைத்தான்.

பெயர் எதை வைத்து?

காக்கை வேப்பம்பழத்தைத் தின்றுவிட்டு மாந்தோப்பில் கொட்டையைப் போட்டால் அங்கே முளைப்பது வேம்புதான், மாமரம் ஆகாது. இரைப்பையில் பிறந்த செல் சிறுநீர்ப்பையில் போய் வளர்ந்தாலும் அதன் குணம், அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்பதெல்லாம் இரைப்பைச் செல்லின் கணக்குப்படியே இருக்கும். ஆகவே இவருக்கு இருப்பது ஒரே கேன்சர்: இரைப்பைப் புற்று, சிறுநீர்ப்பைக்குப் பரவியது. சொந்தக்காரர்கள் ‘கிட்னி பக்கம் புதுசா ஒரு கேன்சர் வந்திருக்காமே’ என்று கேட்டால் இதைச் சொல்லித் திருத்துவது நல்லது, ஏனென்றால் இந்தத் தவறான புரிதல் அப்புறம் வைத்தியத்தைப் பற்றிய எதிர்பார்ப்பையும் சேர்த்துக் கோணலாக்கிவிடும்.

விதை என்று சொன்னேன், இது மருத்துவத்திலும் பழைய உவமைதான். 1889-இல் ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், புற்று செல்கள் விதைகள் போல எல்லாப் பக்கமும் போகின்றன, ஆனால் தோதான மண் கிடைத்த இடத்தில்தான் முளைக்கின்றன என்று எழுதினார். இரைப்பைப் புற்றுக்குத் தோதான மண் என்று பார்த்தால் கல்லீரல், வயிற்றறையின் உள்சவ்வு, நிணநீர் முடிச்சுகள், நுரையீரல், எலும்பு. சிறுநீர்ப்பை இந்தப் பட்டியலில் ரொம்பக் கீழே இருக்கிறது.

எவ்வளவு அரிது?

சிறுநீர்ப்பையில் வேறு இடத்திலிருந்து வந்து சேர்ந்த 282 கட்டிகளை லண்டனில் இரண்டு மருத்துவர்கள் ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் எழுதினார்கள், இந்த விஷயத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் கட்டுரை அது. ஆபரேஷனில் எடுத்த சிறுநீர்ப்பைப் புற்றுகளில் 2.3 சதவீதம்தான் வெளியிலிருந்து வந்தவை என்று கண்டார்கள். அந்த வெளியாட்களிலும் பெரும்பாலானவை பக்கத்து வீட்டிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தவை: பெருங்குடல் 21 சதவீதம், புராஸ்டேட் 19, மலக்குடல் 12, கர்ப்பப்பை வாய் 11. தொலைவிலிருந்து வந்தவற்றில் முதலிடம் இரைப்பைக்கு, அதுவே 4.3 சதவீதம்தான். அடுத்தது தோல், நுரையீரல், மார்பகம்.

அரிதிலும் அரிது, சரி. ஆனால் தூரத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் முதலில் தேட வேண்டிய இடங்களில் இரைப்பை ஒன்று. இந்த இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு யூராலஜி டாக்டர் தன் வாழ்நாளில் இப்படி ஒன்றிரண்டு நோயாளிகளைப் பார்த்தாலே அதிகம், அதனால் முதல் நாளே அவருக்கு இது தோன்றவில்லை என்பதற்காக அவர்மேல் கோபப்படுவதில் நியாயம் இல்லை. தோன்றும்படி பழைய விவரத்தைச் சொல்ல வேண்டியது நாம்.

எப்படிப் போகிறது? நாலு பாதை

1. நேரடியாக. இரைப்பை தன் பக்கத்து உறுப்புகளான கணையம், கல்லீரல், பெருங்குடலின் குறுக்குப் பகுதி இவற்றுக்குள் நேராக ஊடுருவும். சிறுநீர்ப்பை தூரத்தில் இருப்பதால் இந்தப் பாதை இங்கே பொருந்தாது.

2. ரத்தம் வழியாக. இரைப்பையிலிருந்து திரும்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது, அங்கிருந்து இதயம் வழியாக நுரையீரலுக்கு. வழியில் இரண்டு வடிகட்டிகள் என்று வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலான செல்கள் இவற்றிலேயே மாட்டிக்கொள்கின்றன. இரண்டையும் தாண்டியவைதான் தமனி ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன.

3. நிணநீர் வழியாக. இரைப்பையைச் சுற்றிய முடிச்சுகள் புற்றால் அடைபட்டுப்போனால் நிணநீர் எதிர்த்திசையில் கீழ்நோக்கித் திரும்பக்கூடும். அப்படி இடுப்பறை முடிச்சுகள் வரை செல்கள் வந்து சேரலாம்.

4. வயிற்றறைச் சவ்வு வழியாக. இதைத்தான் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வயிற்றுக்குள் குடல், இரைப்பை, கல்லீரல் எல்லாவற்றையும் மூடிப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்குப் பெரிட்டோனியம் என்று பெயர். உறுப்புகள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிக்கொண்டு நகர இதற்குள் கொஞ்சம் நீர் எப்போதும் இருக்கும். இரைப்பைப் புற்று உள்பக்கத்துச் சளிப்படலத்தில் பிறந்து, தசை அடுக்கைத் துளைத்து, கடைசியில் வெளிப்பக்கத்து உறையையும் தாண்டிவிட்டால், அங்கிருந்து செல்கள் மாவு உதிர்வதுபோல உதிர்ந்து இந்த நீரில் விழுகின்றன. நாம் நிற்கிறோம், உட்காருகிறோம், நடக்கிறோம். நீர் பள்ளத்தைத் தேடித்தானே ஓடும்? வயிற்றறையின் ஆகக் கீழான பள்ளம் இடுப்புக்குள் இருக்கிறது, ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில், பெண்களுக்குக் கர்ப்பப்பைக்கு முன்னும் பின்னும். சிறுநீர்ப்பையின் மேற்கூரையை மூடியிருப்பதும் இதே சவ்வுதான்.

ஆக, மேலே உதிர்ந்த செல் கீழே படிந்து, சவ்வில் ஒட்டி, வேர்விட்டு, சிறுநீர்ப்பையின் சுவருக்குள் வெளிப்பக்கத்திலிருந்து நுழைகிறது. இரைப்பைக்கும் மூத்திரப்பைக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்குப் பல நோயாளிகளில் பதில் இதுவே: இரண்டும் ஒரே சவ்வுப் பைக்குள் மேலும் கீழுமாக இருக்கின்றன. பெண்களுக்கு இரைப்பைப் புற்று சினைப்பைக்குப் போவதும் இது போலவே இடுப்புக்குள் இறங்கி வரும் பரவல்தான், அது சிறுநீர்ப்பையைவிட அதிகம் காணப்படுகிறது.

அந்தச் சினைப்பைக் கட்டிக்குக் குருக்கென்பெர்க் கட்டி என்று பெயர். 1896-இல் ஃபிரெட்ரிக் குருக்கென்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதை விவரித்தபோது சினைப்பையிலேயே பிறந்த ஒரு புது வகைக் கட்டி என்றுதான் நினைத்தார். அது வேறு இடத்திலிருந்து, பெரும்பாலும் இரைப்பையிலிருந்து, வந்தது என்று தெளிவாகச் சில ஆண்டுகள் ஆயின. கண்ணெதிரே கட்டி தெரியும் உறுப்பையே அதன் பிறந்த வீடு என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு எளிதில் நடக்கிற தவறு பாருங்கள்.

மோதிரச் செல்

ரிப்போர்ட்டில் ‘சிக்னெட் ரிங் செல்’ என்ற சொல் வந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். செல்லுக்குள் சளி நிரம்பி உட்கருவை ஓர் ஓரமாகத் தள்ளிவிடும், மைக்ராஸ்கோப்பில் பார்க்க முத்திரை மோதிரம் போலத் தெரியும், அதனால் அந்தப் பெயர்.

இரைப்பை அடினோகார்சினோமாவை பின்லாந்துக்காரரான பெக்கா லாரென் 1965-இல் இரண்டு பெரிய வகையாகப் பிரித்தார். ஒன்று குடல் வகை, செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சுரப்பி வடிவத்தில் கட்டியாகத் திரளும். இன்னொன்று பரவல் வகை, செல்கள் தனித்தனியாகச் சிதறிச் சுவருக்குள் ஊர்ந்து போகும். இந்த இரண்டாம் வகையில் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் இ-கேதெரின் என்ற புரதம் பல நேரம் வேலை செய்வதில்லை. கோத்த நூல் அறுந்த பாசிமணி மாதிரி செல்கள் உதிரும். மோதிரச் செல் புற்று இந்த வகையைச் சேர்ந்தது, வயிற்றறைச் சவ்வுக்கு அதிகம் பரவுவதும் இந்த வகைதான்.

இதனால் இரண்டு விளைவுகள்.

அ. பரவல் வகை ஒரு கட்டியாகத் துருத்திக்கொண்டு நிற்காமல் இரைப்பைச் சுவரையே தோல்பை போலத் தடிக்க வைக்கும். எண்டோஸ்கோப்பியில் மேற்பரப்பு ஏறக்குறைய ஒழுங்காகத் தெரியலாம், மேலோட்டமாக எடுத்த பயாப்சியில் ஒன்றும் இல்லை என்றுகூட வரலாம். ஆகவே சிலருக்கு இரைப்பைப் புற்று இருக்கிறது என்ற விஷயமே சிறுநீர்ப்பை பயாப்சிக்குப் பிறகுதான் தெரியவரும்.

ஆ. சிறுநீர்ப்பையில் மோதிரச் செல் தெரிந்தால், அது அங்கேயே பிறந்தது என்று முடிவு கட்டும் முன் இரைப்பையையும் பெருங்குடலையும் குழாய் விட்டுப் பார்த்தாக வேண்டும். அங்கேயே பிறக்கும் மோதிரச் செல் புற்றும் இருக்கிறது, ஆனால் அது மிகவும் அபூர்வம். குறிப்பாகச் சிறுநீர்ப்பையின் கூரையில் யூராக்கஸ் என்று ஓர் எச்சம் இருக்கும், நாம் கருவில் இருந்தபோது தொப்புளுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இருந்த குழாயின் மிச்சம் அது. அதிலிருந்து பிறக்கும் அடினோகார்சினோமா இரைப்பையிலிருந்து வந்தது போலவே தோற்றம் காட்டும், ஆனால் அதற்கான வைத்தியம் முற்றிலும் வேறு.

சோதனைகள் ஏன் சில நேரம் ஏமாற்றுகின்றன?

சிறுநீர்ப்பையின் சுவர் அடுக்கடுக்கானது. உள்ளே யூரோதீலியம், அதற்கு வெளியே மெல்லிய இணைப்புத் திசு, அப்புறம் தடித்த தசை, அதற்கும் வெளியே கொழுப்பு, கூரைப்பக்கத்தில் பெரிட்டோனியம். சிறுநீர்ப்பையிலேயே பிறக்கும் புற்று உள்ளே தொடங்கி வெளியே போகிறது. இரைப்பையிலிருந்து வருவது பல நேரம் வெளியே தொடங்கி உள்ளே வருகிறது, அல்லது நடு அடுக்குகளில் தங்கிவிடுகிறது. இந்த ஒரு வித்தியாசம் எல்லாச் சோதனைகளையும் பாதிக்கிறது:

1. சிறுநீரில் ரத்தம். உள் அடுக்கு உடைந்தால்தான் ரத்தம் வரும். வெளியிலிருந்து வரும் புற்று உள் அடுக்கைத் தொடும் வரை சிறுநீர் தெளிவாகவே இருக்கலாம்.

2. சிறுநீரில் புற்று செல் தேடும் சோதனை. உள் அடுக்கிலிருந்து உதிரும் செல்லைத்தான் இது காட்டும். இல்லை என்று வந்தால் நோயே இல்லை என்று பொருள் கிடையாது.

3. சிஸ்டாஸ்கோப்பி, அதாவது சிறுநீர்த் துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பது. மேலே சவ்வு வழுவழுவென்று இருந்து, அடியில் மட்டும் வீங்கித் தடித்திருக்கலாம். இங்கே மேலாகக் கிள்ளி எடுத்தால் பத்தாது, தசை வரைக்கும் ஆழமாக எடுக்க வேண்டும்.

4. பெட் ஸ்கேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவ்வளவு செலவு செய்து எடுத்த பெட் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் குடும்பம் நிம்மதியாகிவிடுகிறது. இந்த ஸ்கேனில் சர்க்கரை போன்ற ஒரு கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றுவார்கள், அதைப் புற்று செல் அதிகமாக இழுத்துக்கொள்ளும், அந்த இடம் பளிச்சென்று தெரியும். சிக்கல் என்ன என்றால் அந்தப் பொருள் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது, எனவே யாருக்கு எடுத்தாலும் சிறுநீர்ப்பை முழுக்கப் பளிச்சென்று தெரியும், அந்த வெளிச்சத்தில் சுவரில் இருக்கும் சின்னக் கட்டி கண்ணில் படாது. போதாக்குறைக்கு மோதிரச் செல் வகை அந்தப் பொருளைச் சரியாக இழுப்பதும் இல்லை. சிறுநீர்ப்பைச் சுவர் எந்த ஆழம் வரை பாதித்திருக்கிறது என்று பார்க்க எம்ஆர்ஐ பல நேரம் தெளிவாக உதவும்.

என்னென்ன அறிகுறி?

அடிக்கடி சிறுநீர் வருவது, அவசரமாக வருவது, கடுப்பு, அடிவயிற்றில் வலி, சிறுநீரில் ரத்தம், சிறுநீர் சொட்டுச்சொட்டாகப் போவது. பார்த்தால் நீர்க்கடுப்பு, யூரின் இன்ஃபெக்‌ஷன், புராஸ்டேட் வீக்கம், கல் எல்லாவற்றுக்கும் இதே பட்டியல்தான். இரைப்பைப் புற்று இருப்பவருக்கு மூத்திரக் கடுப்பு வந்தால்கூடப் பெரும்பாலும் காரணம் சாதாரணத் தொற்றாகத்தான் இருக்கும், கீமோ எடுக்கும்போது எதிர்ப்பு சக்தி குறைவதால் தொற்று எளிதில் வரும். எனவே பயந்துபோக வேண்டாம். எப்போது சந்தேகப்பட வேண்டும் என்றால், யூரின் கல்ச்சரில் கிருமி எதுவும் வளராமல் தொந்தரவு மட்டும் நீடிக்கும்போது, ஆன்டிபயாடிக் ஒன்று மாற்றி ஒன்று கொடுத்தும் திரும்பத் திரும்ப வரும்போது, வலியே இல்லாமல் ரத்தம் போகும்போது. ஆபரேஷன் முடிந்து சில ஆண்டுகள் நன்றாக இருந்தவர்களுக்கும் இந்த விதி பொருந்தும், ‘அதெல்லாம் எப்பவோ சரியாயிடுச்சு’ என்று பழைய நோயைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடக் கூடாது.

இதில் சத்தமில்லாமல் வருவது சிறுநீரக அடைப்பு. சிறுநீரகத்திலிருந்து வரும் இரண்டு குழாய்களும் சிறுநீர்ப்பையின் அடிப்பக்கத்தில் வந்து சேர்கின்றன. நான் மேலே சொன்ன லண்டன் ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட கட்டிகள் இந்த அடிப்பகுதியிலோ அதன் கழுத்திலோதான் இருந்தன. குழாய் வாய் அடைபட்டால் சிறுநீரகம் வீங்கும், அல்ட்ராசவுண்டு ரிப்போர்ட்டில் ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்று இருக்கும், ரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, ஏறும். ஒரு பக்கம் மட்டும் அடைபட்டால் மற்ற சிறுநீரகம் சமாளித்துக்கொண்டு போகும், வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டும் அடைபட்டால் சிறுநீர் குறைந்து, கால் முகம் வீங்கி, வாந்தியும் மயக்கமுமாக வந்து சேருவார்கள். இது அவசரம், காத்திருக்கிற விஷயம் இல்லை.

எங்கிருந்து வந்தது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

சதைத் துண்டை மெழுகுக் கட்டிக்குள் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். அந்தக் கண்ணாடி ஸ்லைடு, மெழுகுக் கட்டி பிளாக். அடுத்து ஐஎச்சி என்ற சோதனை, செல்லுக்குள் எந்தெந்தப் புரதம் இருக்கிறது என்று சாயம் கொண்டு கண்டுபிடிப்பது. காட்டா-3 என்பது யூரோதீலியல் புற்றில் பெரும்பாலும் நிறம் காட்டும். புராஸ்டேட்டுக்கு பிஎஸ்ஏ. குடல் சார்ந்த புற்றுக்கு சிடிஎக்ஸ்-2. சிகே-7, சிகே-20 என்ற இரண்டும் எதைச் சேர்ந்தது என்று ஓரளவு திசை காட்டும்.

ஆனால் இரைப்பைக்கு மட்டும் இதில் தெளிவான கையெழுத்து கிடையாது. சிகே-7, சிகே-20, சிடிஎக்ஸ்-2 மூன்றும் இரைப்பைப் புற்றில் ஒருவருக்கு இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது. சிறுநீர்ப்பையிலேயே பிறந்த அடினோகார்சினோமாவும் இதே நிறங்களைக் காட்டலாம். அப்போது என்ன செய்வது? பழைய இரைப்பை ஸ்லைடையும் புது சிறுநீர்ப்பை ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். இரண்டிலும் ஒரே மாதிரிச் செல், ஒரே மாதிரி நிறம் என்றால் விஷயம் ஏறக்குறைய முடிந்தது. எத்தனை சோதனை வந்தாலும் இந்த ஒப்பீட்டுக்கு ஈடான ஒன்று இல்லை என்பது என் கருத்து.

வைத்தியம் எப்படி மாறும்?

சிறுநீர்ப்பையில் பிறந்த ஆரம்ப நிலைப் புற்று என்றால் உள்ளே குழாய் விட்டுச் சுரண்டி எடுத்து, பிசிஜி மருந்தைப் பைக்குள் செலுத்துவார்கள். தசைக்குள் போயிருந்தால் சிறுநீர்ப்பையையே எடுக்கும் பெரிய ஆபரேஷன். இரைப்பையிலிருந்து பரவியதற்கு பிசிஜியால் பயன் இல்லை, சிறுநீர்ப்பையை எடுப்பதாலும் பெரும்பாலும் நோய் தீராது, ஏனென்றால் செல்கள் ஏற்கெனவே வேறு இடங்களிலும் விழுந்திருக்கும். பெயரைச் சரியாகக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இங்கேதான் தெரிகிறது. தேவையில்லாத ஒரு பெரிய அறுவையிலிருந்து நோயாளியைக் காப்பாற்றுவது அந்தப் பெயர்.

வேறு உறுப்புக்குப் பரவியதால் இது நாலாவது ஸ்டேஜ். முழுக்கக் குணமாக்குவது என்ற இலக்கு இங்கே பொதுவாக இல்லை, நோயைக் கட்டுக்குள் வைத்து நல்லபடியாக வாழும் நாட்களைக் கூட்டுவதுதான் இலக்கு. இதை டாக்டர் தயங்கித் தயங்கிச் சொல்வார், நாமும் கேட்கத் தயங்குவோம், ஆனால் தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது.

1. முதுகெலும்பு கீமோதான்: ஆக்ஸாலிபிளாட்டின் அல்லது சிஸ்பிளாட்டினோடு 5-எஃப்யூ ஊசி அல்லது கேப்சிடபின் மாத்திரை.

2. ஹெர்-2 என்ற புரதம் இருக்கிறதா என்று சதையில் பார்ப்பார்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருக்கும், மோதிரச் செல் வகையில் அதைவிடக் குறைவு. இருந்தால் கீமோவோடு டிராஸ்டுசுமாப் சேர்ப்பார்கள். 2010-இல் வெளியான டோகா ஆய்வில், கீமோ மட்டும் எடுத்தவர்களின் நடுமதிப்பு ஆயுள் 11.1 மாதம், இந்த மருந்தும் சேர்ந்தவர்களுக்கு 13.8 மாதம். நடுமதிப்பு என்றால் பாதிப் பேர் அதைவிட அதிக நாள் இருந்தார்கள் என்று பொருள், யாருக்கும் குறித்த தேதி அல்ல.

3. அதே சதையில் செய்யும் பிடி-எல்1, எம்எஸ்ஐ சோதனைகளைப் பார்த்து நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரப்பி, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்து, சேர்க்கலாமா என்று முடிவு செய்வார்கள். விலை அதிகம், அதனால் இந்தச் சோதனைகளின் முடிவு கைக்கு வந்த பிறகே பணத்தைப் பற்றி யோசியுங்கள்.

4. அடைபட்ட சிறுநீரகத்தை முதலில் திறக்க வேண்டும். கிரியாட்டினின் ஏறிக் கிடக்கும்போது சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாது, கேப்சிடபினையும் அளவு குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும். திறக்க இரண்டு வழி உண்டு: சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் உள்ளே டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைப்பது, அல்லது முதுகுப்பக்கம் துளையிட்டு நேராகச் சிறுநீரகத்தில் பைப் வைத்து வெளியே பையில் வடிப்பது. வெளியிலிருந்து புற்று நெரிக்கும்போது ஸ்டென்ட் பல நேரம் திரும்ப அடைத்துக்கொள்ளும், ஆகவே முதுகுப் பைப் என்று டாக்டர் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கிறது.

5. ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால் உள்ளே விட்டுக் கரித்து நிறுத்துவார்கள், அல்லது கொஞ்ச நாள் கரண்ட் வைப்பார்கள், அதாவது ரேடியேஷன்.

வலி, வாந்தி, தூக்கமின்மை இவற்றைக் குறைக்கும் நோய்த்தணிப்பு மருத்துவத்தைக் கடைசி நாளுக்கு என்று ஒதுக்கி வைக்காமல் கீமோவோடு சேர்த்தே ஆரம்பிப்பது நல்லது. முற்றிய புற்று உள்ளவர்களை இலவசமாகப் பார்த்துக்கொள்ளும் கருணாஷ்ரயா மாரத்தஹள்ளிப் பக்கம் இருக்கிறது, தேவைப்படும்போது நினைவில் இருக்கட்டும்.

பெங்களூரில் குடும்பம் செய்ய வேண்டியது

புது டாக்டரிடம் போகும்போது நடக்கும் பேச்சு பல நேரம் இப்படித்தான் இருக்கும்.

“அப்பாவுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்கா?”

“ஆமா சார், நாலு வருஷம் முன்னாடி வயித்துல ஒரு கட்டி எடுத்தாங்க.”

இந்தப் பதிலில் ஒன்றும் இல்லை. வயிறு என்று தமிழில் சொன்னால் இரைப்பையும் ஆகும், குடலும் ஆகும், பெண்களுக்குக் கர்ப்பப்பையும் ஆகும். கன்னடத்தில் ‘ஹொட்டெ’ என்றாலும் இதே குழப்பம்தான். ஆகவே இரைப்பை என்று சொல்லுங்கள், கன்னடத்தில் ‘ஜடர’, ஆங்கிலம் வந்தால் ‘ஸ்டமக் கேன்சர்’. எது வந்தாலும் வராவிட்டாலும் தாளைக் காட்டுங்கள். கையில் இருக்க வேண்டியவை:

1. முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் பயாப்சி ரிப்போர்ட், கொடுத்த கீமோவின் பெயர்ப் பட்டியல்.

2. பழைய ஸ்லைடு, பிளாக். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் பெத்தாலஜி பிரிவில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் வேறு இடத்தில் காட்டுவதற்காகத் தருவார்கள். வேலூருக்கோ சேலத்துக்கோ ஒரு நாள் பஸ்ஸில் போய்வர வேண்டியிருக்கும், ஆனால் அந்த ஒரு நாள் பல வாரக் குழப்பத்தை மிச்சப்படுத்தும். பிளாக்கை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு உருகும்.

3. கடைசியாக எடுத்த கிரியாட்டினின், யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டுகள், தேதி வரிசையில்.

நிம்ஹான்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும், 1973-இல் தொடங்கிய கித்வாய் போன்ற பெரிய புற்று மருத்துவமனையில் யூராலஜி, மெடிக்கல் ஆன்காலஜி, பெத்தாலஜி மூன்று பிரிவு டாக்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசும் டியூமர் போர்டு கூட்டம் நடக்கும். உங்கள் கேஸ் அதில் வைக்கப்படுமா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

அப்புறம் ஒன்று, சிஸ்டாஸ்கோப்பி அன்றைக்குச் செய்ய வேண்டியது. சதையை லேபுக்கு அனுப்பும்போது கூடவே ஒரு விண்ணப்பத் தாள் போகும், அதில் நோயாளியின் பழைய விவரம் எழுத ஒரு கட்டம் இருக்கும், அவசரத்தில் அது பல நேரம் காலியாகவே போகிறது. சாம்பிள் டப்பாவில் பெயர் ஒட்டும் நேரத்தில் டாக்டரிடமோ சிஸ்டரிடமோ கேட்டு அந்தக் கட்டத்தில் ஒரே வரி எழுதச் சொல்லுங்கள்: இரைப்பைப் புற்று, ஆபரேஷன் ஆன வருடம், மோதிரச் செல் வகை உண்டா இல்லையா.